உயிருள்ள எலியை இரையாகக் கொடுத்தல்: ஆபத்தும் முறையும்

வளர்ப்புப் பாம்புக்கு எலி ஒரு முழு உணவு. எலும்பு, ஈரல், குடல், ரோமம் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடுவதால், கால்சியத்தையும் வைட்டமினையும் தனியாகச் சேர்க்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. எலியைப் பாம்பின் முன் மூன்று நிலைகளில் வைக்கலாம். உறைய வைத்திருந்து உருக்கிச் சூடாக்கியது, அப்போதுதான் கொல்லப்பட்டது, உயிரோடு இருப்பது. முதல் இரண்டும் பாம்பைக் கடிக்க வழியில்லாதவை. மூன்றாவதில் பாம்பு, எலி, வளர்ப்பவர் ஆகிய மூன்று தரப்புக்கும் ஆபத்து உண்டு. ஆகவே உயிருள்ள இரையை மற்ற வழிகள் பலிக்காதபோது மட்டும், கண்முன்னே வைத்து, குறுகிய காலத்துக்குக் கொடுப்பதே முறை. கூடிய விரைவில் அதை நிறுத்துவதும் அந்த முறையின் ஒரு பகுதி.

இங்கே கூறப்படுபவை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதியாக வளர்க்கப்படும் இரண்டு இனங்களை மனத்தில் கொண்டவை. ஒன்று, மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. அச்சம் வந்தால் உடலைப் பந்தாகச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். மற்றது, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக். இரண்டும் நஞ்சில்லாதவை, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்பவை. கார்ன் ஸ்நேக் பொதுவாக இறந்த எலியைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளும். உயிருள்ள இரை என்ற பேச்சு பெரும்பாலும் பந்து மலைப்பாம்பால்தான் எழுகிறது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகி வரும் பாம்புகளில், அசையாத, சூடில்லாத எலியை உணவாகவே கருதாதவை உண்டு.

எலி ஏன் ஆபத்தான இரை

எலிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள். அவை வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறம் கடினமான எனாமல், பின்புறம் அதைவிட மென்மையான டென்டின். கொறிக்கும்போது பின்புறம் விரைவாகத் தேய்வதால், பல்லின் நுனி எப்போதும் உளிபோல் தீட்டப்பட்டிருக்கும். மரத்தைக் கொறிக்கும் அந்தப் பல்லுக்குப் பாம்பின் செதிலும் தோலும் ஒரு தடையே இல்லை.

பாம்புக்குக் காயம் இரண்டு விதமாக ஏற்படுகிறது. முதலாவது, பிடிபடும் நேரத்தில். அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் போபாக் குழுவினர், போவா பாம்புகள் எலியை நெரிப்பதை அளந்து பார்த்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். நெரிபடும் எலி மூச்சு முட்டித்தான் இறக்கிறது என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, அதன் ரத்த ஓட்டம் சில நொடிகளிலேயே தடைபடுவது அதில் தெரிந்தது. சரியாகப் பிடிபட்ட எலிக்குக் கடிக்க நேரமில்லை என்பது இதன் பொருள். ஆனால் பாம்பு எலியின் இடுப்பையோ பின்காலையோ கவ்விச் சுருட்டினால், எலியின் தலை சுருளுக்கு வெளியே நிற்கும். அந்தச் சில நொடிகளில் அது எட்டிய இடத்தையெல்லாம் கடிக்கும். பாம்பின் கண், உதடு, கழுத்து ஆகியவையே பெரும்பாலும் அதன் வாய்க்கு எட்டும் இடங்கள்.

இரண்டாவது வகை இதைவிடக் கொடுமையானது. பாம்புக்குப் பசி இல்லை. எலி கூண்டிலேயே விடப்படுகிறது. காட்டில் என்றால் எலி ஓடிப்போயிருக்கும், அல்லது பாம்பு விலகியிருக்கும். மூடிய கூண்டில் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. சில மணி நேரத்தில் எலிக்குப் பசியும் தாகமும் எடுக்கின்றன. கூண்டில் அதற்குத் தின்னக் கிடைப்பது பாம்பின் உடல் ஒன்றுதான். இரை தேடாத நிலையில் இருக்கும் பாம்பு எலியை எதிரியாகக் கருதித் திருப்பித் தாக்குவதில்லை. சுருண்டு தலையை மறைத்துக்கொள்வதோடு சரி. இரவு முழுதும் எலியோடு விடப்பட்ட பாம்பு, காலையில் முதுகுச் சதை கொறிக்கப்பட்டு, முள்ளெலும்பும் விலாவும் வெளியே தெரியக் கிடப்பது கால்நடை மருத்துவர்கள் பார்த்துப் பழகிய காட்சி. இதைத் தடுக்க ஒரே ஒரு விதி போதும்: உயிருள்ள எலி கூண்டில் இருக்கும் வரை ஆள் அங்கே இருக்க வேண்டும்.

எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது

உயிருள்ள இரைக்கு நியாயமான காரணங்கள் மிகச் சில:

- முட்டையிலிருந்து வந்து, முதல் சட்டையை உரித்த பிறகும், இறந்த இரையைப் பலமுறை மறுத்த குட்டி.
- காட்டிலிருந்து பிடிக்கப்பட்டு வந்து, உயிருள்ள இரையைத் தவிர வேறெதையும் ஏற்காத பாம்பு.
- இரை மறுப்பால் எடை குறைந்துகொண்டே வந்து, ஊர்வனவற்றில் பயிற்சி பெற்ற மருத்துவர் பரிந்துரைத்த பாம்பு.

"இயற்கையாக இருக்கட்டும்", "வேட்டைப் பழக்கம் போய்விடக் கூடாது" என்பவை போதுமான காரணங்கள் ஆகா. சூடாக்கிய இறந்த எலியை இடுக்கியில் பிடித்து மெல்ல அசைத்தாலே பாம்பு பாய்ந்து கவ்வும், சுருட்டும், நெரிக்கும். வேட்டையின் எல்லா அசைவுகளும் அதில் அடங்கிவிடும். வேடிக்கை பார்ப்பதற்கும் காணொளி எடுப்பதற்கும் உயிருள்ள எலியைப் போடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

கீழ்க்கண்ட நிலைகளில் உயிருள்ள இரையை அறவே தவிர்க்க வேண்டும்:

- சட்டை உரிக்கும் முன் பாம்பின் கண் பால்போல் மங்கியிருக்கும் நாட்கள். அப்போது அதற்குப் பார்வை தெளிவில்லை, தற்காப்பும் குறைவு.
- வாய்ப்புண், சளி, மூச்சிரைப்பு, காயம் உள்ள நிலை.
- கூண்டின் வெப்பம் குறைந்து பாம்பு மந்தமாக இருக்கும் நேரம்.
- புது இடத்துக்கு வந்த முதல் வாரம்.
- இரையைக் கக்கிய பின் தேறிவரும் காலம்.
- பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கும் காலம்.

சட்டம்

பிரிட்டனில் உயிருள்ள இரை கொடுப்பதற்கு வெளிப்படையான தடை இல்லை. ஆயினும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், மனிதரின் பொறுப்பில் இருக்கும் முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளையும் காக்கிறது. பாம்பு மட்டுமன்றி எலியும் அதில் அடங்கும். தேவையற்ற துன்பம் விளைந்தால் வளர்ப்பவரே பொறுப்பு. மற்ற நாடுகளில் விதிகள் மாறுபடும் என்பதால், பாம்பை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. நல்ல பாம்பு, சாரை, இந்திய மலைப்பாம்பு போன்ற உள்நாட்டு இனங்களை வீட்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பந்து மலைப்பாம்பு, அழியும் நிலையிலுள்ள இனங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இத்தகைய அயல்நாட்டு விலங்கை வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இரையின் அளவு

வளர்ப்பு எலிகள் இரண்டு வகை. ஒன்று சுண்டெலி, மற்றது பெரிய எலி. வயதை ஒட்டி அவற்றுக்குக் கடைகளில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவற்றின் எடை, ஏறத்தாழ:

- பிங்க்கி (ரோமமற்ற சுண்டெலிக் குஞ்சு): 1 முதல் 3 கிராம்
- ஃபஸ்ஸி (ரோமம் அரும்பியது): 3 முதல் 6 கிராம்
- ஹாப்பர் (கண் திறந்து துள்ளுவது): 7 முதல் 12 கிராம்
- வளர்ந்த சுண்டெலி: 20 முதல் 30 கிராம்
- பால்குடி மறந்த எலிக்குட்டி: 30 முதல் 50 கிராம்
- சிறிய எலி: 50 முதல் 90 கிராம்
- நடுத்தர எலி: 90 முதல் 150 கிராம்

கண் திறக்காத பிங்க்கிக்குக் கடிக்கப் பல் இல்லை. ஆகவே பாம்புக்குட்டிக்கு அதை உயிரோடு கொடுப்பதில் காயத்துக்கான அச்சம் கிடையாது. கண் திறந்து, பல் முளைத்து, ஓடியாடும் ஹாப்பர் நிலையிலிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது. வளர்ந்த பெரிய எலி எல்லாவற்றிலும் அபாயமானது.

இரையின் மிகப் பருத்த இடம், பாம்பின் நடு உடல் பருமனை ஒத்திருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். எடைக் கணக்கில், வளரும் பந்து மலைப்பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை. வளர்ந்த பாம்புக்கு 5 சதவீதத்தை ஒட்டி. 500 கிராம் எடையுள்ள இளம் பாம்புக்கு 50 கிராம் எலி போதும். 1,500 கிராம் பெண் பாம்புக்கு 80 கிராம் எலியே நிறைவான வேளை. இரை உயிருள்ளது என்றால் இந்த அளவிலும் கீழ்ப்பகுதியையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு பெரிய எலிக்குப் பதில் இரண்டு சிறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் கடிபடும் வாய்ப்பு குறையும்.

குட்டிகளுக்கு 5 முதல் 7 நாட்களுக்கு ஒருமுறை, இளம் பாம்புகளுக்கு 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, வளர்ந்தவற்றுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ என்ற இடைவெளியில் இரை கொடுக்கலாம்.

எலி எங்கிருந்து வர வேண்டும்

வீட்டிலும் வயலிலும் பொறியில் சிக்கிய எலியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அது உண்ணிகளையும் குடற்புழுக்களையும் கொண்டுவரும். அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி மனிதரையும் தொற்றலாம். புரோமடயோலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் நடமாடிவிட்டே சாகும். அந்த நாட்களில் பிடிபட்டால் பார்வைக்கு நல்ல எலியாகவே இருக்கும், அதன் உடலிலுள்ள நஞ்சு பாம்புக்குப் போகும்.

இரைக்கென்றே வளர்க்கப்பட்ட எலியை மட்டும் வாங்க வேண்டும். கண் பளிச்சென்று, மூக்கில் ஒழுக்கு இன்றி, ரோமம் படிந்து, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கிய எலிக்குக் கடைசி நேரம் வரை தீனியும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். எலியின் நலனுக்கு இது அடிப்படை. பாம்பின் நலனுக்கும் இதுவே காப்பு, ஏனெனில் வயிறு நிறைந்த எலி பாம்பைக் கொறிக்கும் வாய்ப்பு குறைவு.

கொடுப்பதற்கு முன்

பாம்பின் செரிமானம் வெளி வெப்பத்தைச் சார்ந்தது. பந்து மலைப்பாம்பின் கூண்டில் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். வெப்பமானியைப் பார்க்காமல் இரை கொடுக்கக் கூடாது.

இரண்டு இனங்களுமே மாலை மயங்கிய பின்பு சுறுசுறுப்பாகும் இயல்புள்ளவை. ஆகவே விளக்கைத் தணித்து, இரவின் முற்பகுதியில் கொடுப்பது நல்லது. ஒரே கூண்டில் வேறு பாம்பு இருந்தால் அதை முதலில் அகற்ற வேண்டும். இரண்டு பாம்புகள் ஒரே எலியின் இரு முனைகளைக் கவ்வினால், ஒன்று மற்றதை விழுங்க முயலும்.

இரை கொடுப்பதற்காகப் பாம்பைத் தனிப் பெட்டிக்கு மாற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் பயனைவிடத் தொல்லையே மிகுதி. இடம் மாறிய பதற்றத்தில் பந்து மலைப்பாம்பு இரையை மறுக்கும். உண்டு முடித்த பாம்பைத் தூக்கித் திருப்பி விடும்போது வளர்ப்பவர் கடிபடுவதும் பாம்பு இரையைக் கக்குவதும் நேர்கின்றன. தன் கூண்டிலேயே உண்பதுதான் பாம்புக்கு ஏற்றது. எலி நுழைந்து ஒளிந்துகொள்ளக்கூடிய மரத்துண்டு, கல் போன்றவற்றை மட்டும் அந்த நேரத்துக்கு வெளியே எடுத்துவிட வேண்டும்.

கையருகே இருக்க வேண்டியவை: 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடுக்கி, முனை மழுங்கிய மரக்குச்சி, எலியைத் திரும்ப அடைக்க மூடியுள்ள பெட்டி, தடித்த கையுறை, கடிகாரம்.

கொடுக்கும் முறை

1. பாம்பு எங்கே படுத்திருக்கிறது, தலை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலையை நிமிர்த்தி, கழுத்தை ஆங்கில "எஸ்" எழுத்தைப் போல வளைத்து, நாக்கை நிதானமாக நீட்டி இழுத்தால் அது இரைக்குக் காத்திருக்கிறது. தலையைச் சுருளுக்குள் புதைத்திருந்தால் அன்றைக்குக் கொடுக்க வேண்டாம்.

2. எலியைக் கையால் தூக்கிப் போடக் கூடாது. கையில் எலி வாசனை ஒட்டியிருந்தால் பாம்புக்குக் கையும் இரையே. எலி இருக்கும் சிறு பெட்டியைக் கூண்டுக்குள் வைத்து, பாம்பின் தலைக்கு முன்புறமாக, ஓரடி தள்ளித் திறந்துவிட வேண்டும். பின்புறமிருந்து வந்து மேலே ஏறும் எலி பாம்பை அச்சுறுத்தும்.

3. ஒரு நேரத்தில் ஓர் எலிதான். பாம்பு ஒன்றை நெரித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதைக் கடிக்கும் நிலையை உண்டாக்கக் கூடாது.

4. கூண்டை மூடி, இரண்டடி விலகி, அசையாமல் கவனிக்க வேண்டும். பந்து மலைப்பாம்பின் உதடுகளின் மேல் வரிசையாக வெப்பக் குழிகள் உள்ளன. எலியின் உடல் சூட்டை அவற்றால் உணர்கிறது. அருகில் பெரிய மனித உருவம் அசைந்தால் அதன் கவனம் சிதறும். சில வேளைகளில் குறியும் மாறும்.

5. பாம்பு பாய்ந்து கவ்விச் சுருட்டியதும், முதலில் பார்க்க வேண்டியது எலியின் வாய் எங்கே இருக்கிறது என்பதை. வாய் சுருளுக்குள் அடங்கியிருந்தாலும், பாம்பின் உடலுக்கு எட்டாத பக்கம் திரும்பியிருந்தாலும் தலையிட வேண்டியதில்லை.

6. எலியின் அசைவு நின்ற பின்னும் பாம்பு சிறிது நேரம் பிடியை விடாது. இரையின் இதயத் துடிப்பை உணர்ந்தே போவா தன் பிடியைக் கூட்டவும் தளர்த்தவும் செய்கிறது என்று போபாக் குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பிடி தளர்ந்ததும் பாம்பு நாக்கை நீட்டி எலியின் உடல் நெடுகத் தடவிப் பார்க்கும். மூக்குப் பக்கத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து விழுங்கத் தொடங்கும். இந்த நேரத்தில் கூண்டைத் தட்டுவதும் விளக்கைப் போடுவதும் கூடாது.

7. 15 நிமிடத்துக்குள் பாம்பு கவனம் காட்டவில்லை என்றால் எலியை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று அறையைவிட்டுப் போவதுதான் பெரும்பாலான காயங்களுக்குத் தொடக்கம்.

தலையிட வேண்டிய தருணங்கள்

எலி பின்காலில் நிமிர்ந்து நின்று, பல்லைக் காட்டி, பாம்பை நோக்கிப் பாய்ந்தால், அல்லது பாம்பு பந்தாகச் சுருண்டுவிட்டால், உடனே எலியை வெளியே எடுக்க வேண்டும். அன்று மறுபடி முயலக் கூடாது. ஒருமுறை எலியிடம் அஞ்சிய பாம்பு வாரக்கணக்கில் இரையை ஒதுக்குவது உண்டு.

சுருளுக்கு வெளியே தலை நீட்டிய எலி பாம்பைக் கடித்துக்கொண்டிருந்தால், பாம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதனால் கடிவாய் கிழிந்து பெரிதாகும். மரக்குச்சியின் முனையை எலியின் பற்களுக்கும் பாம்பின் தோலுக்கும் இடையே நுழைக்க வேண்டும். எலி குச்சியைக் கவ்விக்கொள்ளும். சில நொடிகளில் நெரிப்பு தன் வேலையை முடித்துவிடும்.

பாம்பு கவ்விவிட்டுப் பாதியில் கைவிட்டால், எலி குற்றுயிராகக் கிடக்கும். அதை அப்படியே சாக விடுவது கொடுமை. துன்பமில்லாமல் விரைவாகக் கொல்லும் முறையை, உயிருள்ள இரை கொடுக்கத் தொடங்கும் முன்பே, கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றிருக்க வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை, சிலிண்டரிலிருந்து அளவுமானி வழியே கார்பன் டை ஆக்சைடைப் படிப்படியாகச் செலுத்தும் முறையை நிபந்தனைகளோடு ஏற்கிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து வீட்டில் வாயு உண்டாக்குவதை அது ஏற்பதில்லை. பிறந்த சில நாட்களே ஆன குஞ்சுகள் இந்த வாயுவை நெடுநேரம் தாங்கும் என்பதால், அவற்றுக்கு இது எளிதான வழியும் அல்ல. உயிரோடு உறைய வைப்பதும் நீரில் மூழ்கடிப்பதும் எந்த வயது எலிக்கும் ஏற்கத்தக்கவை அல்ல.

உண்ட பிறகு

இரை விழுங்கிய பாம்பை இரண்டு நாட்களுக்குத் தொடக் கூடாது. வயிற்றில் மேடு பெரிதாகத் தெரிந்தால் அது மறையும் வரை காத்திருக்க வேண்டும். கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொள்வது இயல்பானது. குடிநீர்க் கிண்ணம் நிறைந்திருக்க வேண்டும்.

பாம்பு இரையைக் கக்கிவிட்டால் மூன்று காரணங்களை முதலில் சோதிக்க வேண்டும். இரை அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததா? கூண்டின் வெப்பம் குறைந்ததா? உண்ட கையோடு யாராவது தூக்கினார்களா? கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது. ஆகவே 10 முதல் 14 நாட்கள் இரை கொடுக்காமல் விட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாம்பு கடிபட்டால்

முதலில் எலியை அகற்றி, பாம்பின் உடல் முழுதும், அடிப்புறம் உட்பட, காயம் தேட வேண்டும். சிறு கீறலைச் சுத்தமான உப்புநீராலோ, தேநீர் நிறத்துக்கு நீர் கலந்த போவிடோன் அயோடினாலோ கழுவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு திசுக்களைச் சேதப்படுத்தும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். காயம் ஆறும் வரை மண்ணையும் மரத்தூளையும் அகற்றிவிட்டு, வெறும் காகிதத் துண்டை விரித்து நாள்தோறும் மாற்ற வேண்டும்.

சதை தெரியும் காயம், கண்ணில் அல்லது வாயில் பட்ட கடி, வீக்கம் ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவம் தேவை. ஊர்வனவற்றில் சீழ் நீராக வழிவதில்லை. பாலாடைக்கட்டிபோல் இறுகித் தோலுக்கு அடியில் கட்டியாகத் தங்கும். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே நோய்த்தொற்று பரவிக்கொண்டிருக்கலாம் என்பதால், அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவர வேண்டும்.

வளர்ப்பவருக்கு வரும் நோய்கள்

பாம்பு, எலி இரண்டுமே சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. உறைய வைப்பதால் அக்கிருமி சாவதில்லை. அமெரிக்காவில் 2010இலும் 2014இலும் பரவிய சால்மொனெல்லாத் தொற்றுகள், ஊர்வனவற்றுக்கு இரையாக விற்கப்பட்ட உறைந்த எலிகளோடு தொடர்புடையவை என்று கண்டறியப்பட்டது.

உயிருள்ள எலிகளால் வேறு நோய்களும் வரலாம். 2012இல் இந்தியானா மாநிலத்தில், இரைக்கான எலிகளை வளர்த்த ஓரிடத்தில், எல்சிஎம்வி என்னும் வைரஸ் ஊழியர்களைத் தொற்றியது. கருவிலிருக்கும் குழந்தையை இந்த வைரஸ் கடுமையாகப் பாதிக்கும். 2017இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வளர்ப்பு எலிகளிடமிருந்து சியோல் வைரஸ் மனிதருக்குப் பரவியது.

எலியையும் பாம்பையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலிப் பெட்டியையும் இடுக்கியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. உறைந்த எலிகளை உணவுப் பொருட்களிலிருந்து பிரித்து, இறுக மூடிய தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் இவற்றைக் கையாளக் கூடாது. கருவுற்ற பெண்கள் உயிருள்ள எலிகள் இருக்கும் இடத்தையே தவிர்க்க வேண்டும்.

இறந்த இரைக்கு மாற்றுதல்

உயிருள்ள எலியை ஒழுங்காக உண்ணும் பாம்பைத்தான் மாற்றத் தொடங்க வேண்டும். மெலிந்த பாம்பு முதலில் நான்கைந்து வேளை உண்டு தேறட்டும். பிறகு படிகள் இவை.

முதல் படி, அப்போதுதான் கொல்லப்பட்ட எலி. சூடும் வாசனையும் உயிருள்ள எலிக்கு நிகராக இருப்பதால் பல பாம்புகள் வேறுபாடு காண்பதில்லை. இடுக்கியால் எலியின் தோள்பட்டைக்குப் பின்னால் பிடித்து, பாம்பின் முன்னால் மெல்ல நகர்த்த வேண்டும். மூக்கில் இடிக்கும்படி நீட்டினால் பாம்பு பின்வாங்கும். கவ்விய பிறகும் எலியின் பின்பகுதியை இரண்டொரு முறை இலேசாக இழுத்துவிட்டால், இரை திமிறுவதாக எண்ணிப் பாம்பு இறுக்கிச் சுருட்டும்.

இரண்டாம் படி, உருக்கிய எலி. உறைந்த எலியை முந்தைய இரவே மூடிய பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். கொடுக்கும் முன் பையோடு 40 டிகிரி வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் ஊற வைக்கலாம். வயிற்றை விரலால் அழுத்தினால் உள்ளே கட்டியோ குளிர்ச்சியோ இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு சில இடங்களை வேக வைத்து, சில இடங்களை உறைந்தபடியே விடும். எலியின் வயிறு வெடிப்பதும் உண்டு. ஒருமுறை உருகிய எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

பந்து மலைப்பாம்பு வெப்பத்தைக் கொண்டு குறிபார்ப்பதால், கொடுக்கும் நேரத்தில் எலியின் தலை மற்ற பகுதிகளைவிடச் சூடாக இருப்பது உதவும். தலையை மட்டும் ஒரு நிமிடம் வெந்நீரில் நனைத்து, துடைத்து, உடனே நீட்ட வேண்டும். அப்படியும் மறுத்தால், உயிருள்ள எலிகளின் கூண்டிலிருந்து எடுத்த பழைய படுக்கைத் துகளில் அதைப் புரட்டி வாசனை ஏற்றலாம். பாம்பின் மறைவிட வாயிலில் எலியை வைத்து, விளக்கணைத்து, இரவு விட்டுவிடுவதும் ஒரு வழி. இறந்த எலியை இப்படித் தனியே விடுவதால் பாம்புக்குக் காயம் வராது. காலையில் தீண்டப்படாமல் கிடந்தால் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

ஒவ்வொரு மறுப்புக்கும் மறுநாளே அடுத்த முயற்சி என்று தொடர்ந்தால் பாம்பு மேலும் மிரளும். முயற்சிகளுக்கு இடையே ஒரு வாரம் விட வேண்டும். மூன்று நான்கு முயற்சிகள் தோற்றால் ஒரு வேளை உயிருள்ள இரை கொடுத்து, அடுத்த வாரம் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்கலாம்.

மறுப்பும் எடையும்

வளர்ந்த பந்து மலைப்பாம்பு, குறிப்பாக இனப்பெருக்கப் பருவத்தில், மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது இயல்பு. அந்த மறுப்பைக் கண்டு பதறி உயிருள்ள எலிக்குத் தாவுவது தேவையற்றது. அது தேவையா இல்லையா என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும். பாம்பின் எடை, கொடுத்த இரையின் வகையும் எடையும், ஏற்றதா மறுத்ததா, சட்டை உரித்த நாள், கூண்டின் வெப்பம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். மறுத்தாலும் எடை குறையாத பாம்பு நலமாக இருக்கிறது. இரை கொடுக்கும் இடைவெளியை நீட்டினால் போதும். முந்தைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு துருத்தித் தெரிந்தாலோ, வாயோரம் எச்சில் குமிழ்த்தாலோ மருத்துவப் பரிசோதனை தேவை. உயிருள்ள இரை வேண்டுமா என்ற முடிவை அந்தப் பரிசோதனைக்குப் பிறகே எடுக்க வேண்டும்.